பச்சை அடித்த கம்பிகள்

ஜூன் 27, திங்கள்

இன்று எல்லாக் கம்பிக்கும் பச்சை.

லேபிலிருந்து யார்டுக்குப் போய் நான் சொல்வது ஒரே ஒரு சொல்தான். கம்பி தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. பவானி அக்கா பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாகக் காத்திருப்பார். சொன்ன நிறத்தை, அடுக்கியிருக்கும் கம்பிகளின் முனையில் வரிசையாக அடித்துக்கொண்டே போவார்.

"செவப்பு டப்பா மூடி ஒட்டிக்கினு வரவே மாட்டேங்குது சார். நீங்க என்னைக்காவது செவப்புன்னு சொன்னா ஒடைச்சிதான் தொறக்கணும்" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவருக்கு அது வேடிக்கை.

இந்த டைரி கஸ்தூரிரங்கன் சார் கொடுத்தது. லேபுக்கு அவர்தான் தலைவர். பொங்கலுக்கு நிரந்தர ஆட்களுக்கு அச்சடித்ததில் மிஞ்சியதை என் மேஜையில் போட்டு, "ஆகஸ்ட்ல உன்னைக் கன்ஃபர்ம் பண்றோம் நிர்மல். நீலச் சட்டைக்கு அளவு குடுத்துடு" என்றார்.

காண்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் சட்டை. நிரந்தரம் என்றால் நீலம். நீலம் கேன்டீனுக்குள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடும். சாம்பல், ஷெட்டுக்குப் பின்னால் தரையில். என்னைப் போலப் பயிற்சியில் இருப்பவனுக்கு வெள்ளை. உள்ளே உட்காரலாம், ஆனால் ஓரத்தில். சேர்ந்த முதல் மாதம் இதைப் பார்த்து எனக்கு ரத்தம் கொதித்தது. இப்போது ஓர மேஜையில் எந்த நாற்காலிக்குக் காற்று வரும் என்று தெரியும்.

ஜூன் 29, புதன்

மதிய ஷிஃப்டில் மறுபடியும் நிறுத்தம் போடவில்லை.

உலையிலிருந்து வரும் எஃகுத் துண்டு மஞ்சளாகத் தகிக்கும். அதை ரோலர்களுக்கு நடுவே மாற்றி மாற்றி விட்டு, கனத்தைக் குறைத்து, நீட்டிக் கம்பியாக்குகிறோம். வெறும் இரும்பு இல்லை. குரோமியம் கலந்த அலாய். டிராக்டர் அச்சு செய்யப் போகிறது. எஃகுக்குள் மணி மணியாக இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ரோலர் அழுத்தும்போது பெரிய மணிகள் நசுங்கி, அந்த இடத்தில் சின்ன மணிகள் பிறக்கும். மணி சின்னதாக இருந்தால் கம்பி அடி தாங்கும். ஆனால் கடைசி மூன்று அழுத்தத்துக்கு முன் கம்பியை ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். மஞ்சள் மறைந்து மங்கிய சிவப்பு வரும்வரை. இதைத்தான் நிறுத்தம் என்கிறார்கள். நிறுத்தாமல் அந்தச் சூட்டிலேயே உருட்டி முடித்தால், பிறந்த சின்ன மணிகள் ஒன்றையொன்று விழுங்கி மறுபடி பெருத்துவிடும். வெளியே பார்த்தால் அதே கம்பி. ஓர் உலுக்கல் பலமாக விழுந்தால் வெல்லக்கட்டி மாதிரி முறியும்.

இன்று வந்த கம்பி கடைசி ரோலரிலிருந்து வெளியேறும்போதும் ஆரஞ்சுப் பழமாக இருந்தது. மில் போர்மேன் பொன்னுரங்கத்திடம் போய்ச் சொன்னேன்.

"நிறுத்தம் போடலையா அண்ணே?"

"போட்டா நீ வந்து டன் கணக்கு சொல்றியா மொதலாளிகிட்ட?" என்றார். "ஒரு கம்பி ஆற்றதுக்குள்ள நாலு கம்பி வெளிய போவும். நீ மைக்ராஸ்கோப்புல பாக்குற. அவரு ஜன்னல்ல லாரியப் பாக்குறாரு. போ, ரூம்ல ஏசி இருக்குதுல்ல, அங்க போய் உக்காரு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. திரும்பி ஏசிக்குத்தான் வந்தேன்.

துண்டு வெட்டி, தேய்த்து, அமிலம் தடவிப் பார்த்தேன். பெரிய பெரிய மணி. கஸ்தூரிரங்கனிடம் காட்டினேன். அவர் கண்ணை வைத்துப் பார்க்கக்கூட இல்லை.

"குளிப்பாட்டலையா?"

எங்கள் லேபில் அப்படித்தான் சொல்வது. கம்பியிலிருந்து வெட்டிய துண்டை லேபில் இருக்கும் கையகலச் சின்ன உலையில் வைத்துச் சூடேற்றி, வெளியே எடுத்துக் காற்றில் ஆறவிடுவோம். காசு அளவுத் துண்டுக்கு அது போதும், மணியெல்லாம் பொடியாகிவிடும். அப்புறம் மேலே கருத்ததைத் தேய்த்துவிட்டு, வாங்குகிற கம்பெனியின் இன்ஸ்பெக்டருக்குக் காட்டுவோம். துண்டு மட்டும்தான் குளிக்கும். டன் கணக்கான கம்பி யார்டில் அப்படியே கிடக்கும்.

"பொண்ணு பாக்க வர்றாங்கன்னா பாத்திரம் தேய்ச்சிட்டிருந்த கையோடயா கூட்டிட்டு வந்து நிறுத்துவாங்க?" சேர்ந்த புதிதில் இதை அவர் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்ததும் அவர் என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு எனக்குப் பிடித்திருந்தது.

குளிப்பாட்டினேன். இன்ஸ்பெக்டர் வந்தார், பார்த்தார், முந்திரி பிஸ்கட் சாப்பிட்டார். பச்சை.

ஜூலை 2, சனி

தண்ணீர் லாரி வரவில்லை. லேபிலிருந்து ஒரு கேன் வடிநீர் எடுத்து வந்து சட்டை துவைத்தேன். டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் முதுகில் பெட்டி மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் பிரியாணி கொடுத்துக்கொண்டிருந்தபோது, லிஃப்டில் ஏறக்கூடாது என்று ஒருவன் எழுதியே ஒட்டியிருந்தான். ஒன்பதாம் மாடி. அதற்குத் திரும்ப மாட்டேன். இதை மட்டும் தெளிவாக எழுதிவைக்கிறேன்.

ஜூலை 5, செவ்வாய்

மதியம் தேசப்பன் அண்ணன் லேப் வாசலுக்கு வந்தார். பவானி அக்காவின் கணவர். யார்டில் கம்பிக் கட்டுக்குச் சங்கிலி மாட்டி, கிரேனுக்குக் கை காட்டுகிறவர். உள்ளே வரமாட்டார்; செருப்பை வேறு கழற்றி வைத்திருந்தார். உள்ளே வாங்க என்று நானும் சொன்னதில்லை.

"சார், கிரேன் சங்கிலி பின்னு தேஞ்சி போச்சி. ஸ்டோர்ல கேட்டா ஆர்டர் போட்டிருக்குது, வரும்ங்கிறான். சூப்பர்வைசர் ஒரு கம்பி முனையக் கடைசல்ல குடுத்து பின்னு அடிச்சிக்கச் சொல்ட்டாரு. இது தாங்குமான்னு ஒரு வார்த்த."

கையில் அரை முழக் கம்பி. போன புதன்கிழமை உருட்டியது. முனையில் பச்சை இன்னும் பளிச்சென்று இருந்தது.

"உங்க வீட்டுக்காரம்மா அடிச்ச பச்சைதானே" என்றேன்.

"அவ அடிச்சா போதுமா, நீங்க சொல்லணும்ல."

கஸ்தூரிரங்கன் உள்ளே உட்கார்ந்திருந்தார். "பாஸ் ஆன கம்பிதான்ணே" என்றேன்.

"போதும் சார்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் மழை. அறையில் ஒழுகுகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால் போன வருடமும் இதே இடத்தில்தான் ஒழுகியது என்கிறார், பெருமையாக.

ஜூலை 6, புதன்

பின் உடைந்துவிட்டது.

ஜூலை 7, வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கிரேன் கட்டைத் தூக்கியது. பாதி உயரத்தில் ஒரு சின்ன உலுக்கல். தினமும் வருகிற உலுக்கல்தான். பின் முறிந்து ஒரு பக்கச் சங்கிலி விட்டுவிட்டது. கீழே நின்றிருந்தது கஜபதி. பவானி அக்காவின் தம்பி, பத்தொன்பது வயது. போன மாதம்தான் தேசப்பன் அண்ணன் கையைப் பிடித்துக் கூட்டி வந்து வேலைக்குச் சேர்த்தார். கம்பிகள் இடது காலின் மேல் விழுந்தன.

நான் ஓடினேன். அண்ணன் கம்பிகளைத் தோளால் நெம்பிக்கொண்டிருந்தார். பவானி அக்காவின் கையில் பச்சை பிரஷ் அப்படியே இருந்தது. அவர் கத்தவில்லை. "எடுங்க, எடுங்க" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆம்புலன்ஸ் போனதும் தரையைக் கழுவினார்கள். மதிய ஷிஃப்டுக்கு மில் ஓடியது. கேட்டில் 'பாதுகாப்பே முதல் கடமை' என்ற போர்டு மழையில் சுத்தமாகியிருந்தது.

எல்லோரும் போன பிறகு, கட்டுக்கு அடியில் உடைந்த பின்னின் ஒரு பாதி கிடந்ததைப் பார்த்தேன். இன்னொரு பாதியை சூப்பர்வைசர் எடுத்துப் போய்விட்டார். இதை எடுத்துத் திருப்பினேன். நல்ல கம்பி முறிந்தால் முறிவு மங்கலாக, சாம்பல் பூசியது போல இருக்கும். இது கல்லுப்பைக் கொட்டினாற்போல் மின்னியது. ஒவ்வொரு மணியும் கண்ணுக்கே தெரிந்தது. மைக்ராஸ்கோப் வேண்டியிருக்கவில்லை.

டிபன் பாக்ஸில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. யாருக்காவது காட்டுவதற்கா, யாரும் பார்க்காமல் இருப்பதற்கா.

ஜூலை 8, வெள்ளி

சென்னை ஆஸ்பத்திரியில் கஜபதியின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தேசப்பன் அண்ணனை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். எட்டுக் கம்பி வைக்க வேண்டிய கட்டில் பத்து, பதினொன்று வைத்தாராம். சீக்கிரம் முடித்துவிட்டுப் போவதற்காக. யார் எண்ணினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. விழுந்த கம்பிகளைத்தான் உடனே அள்ளிப் போட்டுவிட்டார்களே.

ரசம் சாதம். உப்பு அதிகம்.

ஜூலை 11, திங்கள்

விசாரணையை லேபில் வைத்தார்கள். பர்சனல் ஆபீசர், கஸ்தூரிரங்கன், நான். தேசப்பன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி ஒன்று காலியாக இருந்தது.

காலையில் கஸ்தூரிரங்கன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். குரலை உயர்த்தவே இல்லை.

"பின்னுல கோளாறுன்னா கம்பில கோளாறு. கம்பில கோளாறுன்னா அந்த லாட் முழுக்கத் திரும்பி வரும். டிராக்டர்காரன் ஆர்டரை நிறுத்துவான். அப்புறம் உனக்கும் எனக்கும் எதுக்குப்பா லேப்? நாம பொய் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. அதே பின்னுலேர்ந்துதான் துண்டு வெட்டப் போறோம். அவன் கண்ணு முன்னாடியே வெட்டு."

அப்படியே செய்தேன். தேசப்பன் அண்ணன் கண் முன்னால், சூப்பர்வைசர் எடுத்துப் போன பாதியிலிருந்து காசு கனத்துக்கு ஒரு துண்டு. முறிந்த முகத்தை கஸ்தூரிரங்கன் உள்ளங்கையால் மூடியே பிடித்திருந்தார்.

"பாத்துக்கோ தேசப்பா. உன் பின்னுதானே?"

"ஆமா சார்."

"இதைத் தேய்ச்சுப் பளபளப்பாக்க நேரம் ஆகும். போய்ச் சாப்ட்டு வா."

அவர் போனார். ஷெட்டுக்குப் பின்னால், தரைக்கு. நான் சின்ன உலையின் கதவைத் திறந்தேன்.

குளிப்பாட்டினேன்.

அவர் திரும்பி வந்தபோது துண்டு மைக்ராஸ்கோப்புக்கு அடியில் தயாராக இருந்தது. முதலில் கஸ்தூரிரங்கன், பெட்டியிலிருந்த பழைய கெட்ட துண்டு ஒன்றை வைத்து, "கம்பி சரியில்லைன்னா இப்படி இருக்கும், பாரு" என்றார். அண்ணன் குனிந்தார். எந்தக் கண்ணை மூடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லிக்கொடுத்தேன். அவருடைய தலையில் ஆஸ்பத்திரி டெட்டால் வாசனை.

"தெரியுது சார். பெருசு பெருசா, வெடிச்ச ஏரி மாதிரி."

"இப்ப உன் பின்னு."

வெகுநேரம் பார்த்தார். கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது பொடிப்பொடியா இருக்குது சார். அரிசி மாவு மாதிரி."

"அப்படின்னா?"

"கம்பி நல்லாத்தான் இருக்குது."

பர்சனல் ஆபீசர் அதை எழுதிக்கொண்டார். அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கு வராத பையன் வாத்தியாரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எட்டுதான் வெச்சேன்னு நெனச்சேன் சார்" என்றார். "பின்னு நல்லா இருக்குதுன்னா, நான்தான் கூட வெச்சிட்டிருக்கேன். இல்ல சார்?"

நான் மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தேன்.

ஜூலை 12, செவ்வாய்

பச்சை.

ஜூலை 15, வெள்ளி

பச்சை. பச்சை.

ஜூலை 20, புதன்

பவானி அக்கா வேலைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார். வீட்டில் இப்போது சம்பாதிப்பது அவர் ஒருவர்தான். தினமும் நான் போய் நிறம் சொல்ல வேண்டும். எட்ட நின்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். இன்று அவரே பேசினார்.

"தம்பி எப்படிக்கா இருக்கான்?" என்று கேட்டு வைத்தேன்.

"இருக்கான். இல்லாத கால்ல அரிக்குதுன்னு அழுவுறான்." பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்தார். "எங்கம்மா இந்தாளு மூஞ்சில முழிக்க மாட்டேன்னுடுச்சி. நானும் பேசறதில்ல. சோத்தப் போட்டு வெச்சிட்டு வந்துடறேன். மொதல்ல எட்டுதான் வெச்சேன், எட்டுதான் வெச்சேன்னு கத்திக்கினு இருந்தாரு. நானும் நம்பினேன் சார். லேபுக்குப் போய்ட்டு வந்த அன்னிலேர்ந்து மாறிட்டாரு. 'மிஷின்ல என் கண்ணால பாத்தேன் பவானி, பின்னு நல்லா கீது, நான்தான் அவன் கால எடுத்துட்டேன்'ங்கிறாரு. அவரே சொல்லும்போது நான் இன்னான்னு பேசறது?"

நான் பக்கத்துக் கட்டின் கம்பி முனைகளை எண்ணினேன்.

"ஆடி மூணாவது ஞாயித்துக்கெழம பெரியபாளையத்துல உருளப் போறாராம். அம்மன் மன்னிச்சாத்தான் நீ மன்னிப்பேன்னு சொல்றாரு. உருளட்டும்." பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தார். "இன்னா சார், இன்னைக்கு?"

"பச்சைக்கா."

இப்போது எழுதும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. முதலாளி மேல், பொன்னுரங்கத்தின் மேல், கஸ்தூரிரங்கனின் முதுகு தட்டும் கையின் மேல். இவர்கள் மேல் கோபப்படுவது எவ்வளவு சுலபம். உலைக் கதவைத் திறந்த கை இதோ பேனா பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஜூலை 23, சனி

டிபன் பாக்ஸில் பின் இருப்பதால் இரண்டு வாரத்துக்கு மேலாக ஹோட்டல் சாப்பாடு. வேறு டிபன் பாக்ஸ் வாங்கலாம். அல்லது பின்னை எடுத்து வேறெங்காவது வைக்கலாம். இரண்டும் தோன்றாமல் இல்லை.

ஜூலை 27, புதன்

நாள் வருவதற்கு முன்பே கன்ஃபர்ம் செய்துவிட்டார்கள். லேபில் லட்டு. நீலச் சட்டை இரண்டு. தோளில் சரியாக இருக்கிறது. கேன்டீனில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். சோற்றின் மேல் அவ்வளவு காற்று அடித்தால் சீக்கிரம் ஆறிவிடும் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்று அவள் சத்தமாகப் பேசினாள். எனக்குப் போனைக் கீழே போட வேண்டும் போல இருந்தது.

ஜூலை 31, ஞாயிறு

பெரியபாளையம் போய் வந்தேன்.

சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் பஸ் ஏறினேன் என்று எழுத நினைத்தேன். பின் பேன்ட் பையில் இருந்தது. சும்மா போகிறவன் அதை எடுத்துப் போகமாட்டான்.

கூட்டம். வேப்பிலையைச் சேலையாகக் கட்டிக்கொண்டு பெண்கள். வழியெல்லாம் சேறு. பிராகாரத்தில் ஆண்கள் ஈர வேட்டியோடு உருண்டுகொண்டிருந்தார்கள். தேசப்பன் அண்ணனைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. மற்றவர்களை இரண்டு பக்கமும் ஆள் நின்று தள்ளிக்கொடுத்தார்கள். அவருக்கு யாரும் இல்லை. பவானி அக்கா நாலு எட்டு தள்ளி, குடத்தோடு நடந்து வந்தார், தண்ணீர் ஊற்றவில்லை.

அண்ணன் உருண்டார். தலைக்கு மேல் கைகளைக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டு, கல்லிலும் மண்ணிலும் முகம் படப் பட. மூலை திரும்பும்போது நேராகப் போகத் தெரியாமல் சுவரில் மோதினார். மறுபடி உருண்டார். முதுகெல்லாம் சிராய்ப்பு. இரண்டாவது சுற்றில் வாந்தி எடுத்தார். துடைத்துக்கொண்டு அதே இடத்தில் படுத்து, அங்கிருந்தே தொடர்ந்தார். நான் கூடவே நடந்தேன், கூட்டத்தின் மறைவில். கையைப் பையில் விட்டுப் பின்னைப் பிடித்திருந்தேன். அது வேர்வையில் நனைந்துவிட்டது. நிறுத்துங்கண்ணே என்று சொல்ல எத்தனை அடி தூரம் இருந்தது. மூன்று சுற்றும் முடியும்வரை சொல்லவில்லை.

மூன்றாவது சுற்றில் பவானி அக்கா குடத்தைச் சாய்த்து அவர் மேல் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். முடிந்ததும் அவரைத் தூக்கி உட்கார வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டார். என்னவோ சொன்னார். அவர் தலையாட்டினார். அழுதார்கள், இரண்டு பேரும்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. எல்லாம் சரியாகிவிட்டது, இனி யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. பஸ் ஸ்டாண்ட் எந்தப் பக்கம் என்றுகூடத் திரும்பிப் பார்த்தேன். இந்த டைரியில் எழுதியதிலேயே இதுதான் கேவலமான வரி. இருக்கட்டும்.

"சார்" என்றார் தேசப்பன் அண்ணன். பார்த்துவிட்டார். "பவானி, பாரு, லேப் சார் வந்துக்கிறாரு. நமக்காக வந்துக்கிறாரு." எழுந்து நிற்கப் பார்த்துத் தள்ளாடினார்.

பவானி அக்கா சொம்பில் கூழ் ஊற்றிக் கொடுத்தார். "குடிங்க சார். அம்மன் கூழு."

குடித்தேன். பாதி குடித்தேன். சொம்பை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு பின்னை எடுத்து அண்ணனிடம் நீட்டினேன்.

"இன்னா சார் இது?"

"பின்னோட இன்னொரு பாதி. அன்னைக்கு நான் எடுத்து வெச்சுக்கிட்டேன்."

அவர் முறிந்த முகத்தை வெயிலுக்குத் திருப்பினார். "மின்னுதே."

"மின்னக்கூடாதுண்ணே. நல்ல கம்பின்னா மின்னாது. இதுல மணி பெருசு. உருட்டும்போது ஆறவிடாம உருட்டிட்டாங்க. பின்னு அதனாலதான் உடைஞ்சுது."

"அன்னைக்கு மிஷின்ல பொடியா இருந்திச்சே. என் கண்ணால பாத்தேனே."

"நீங்க சாப்பிடப் போனப்ப அந்தத் துண்ட உலையில வெச்சு எடுத்தது. வெச்சு எடுத்தா மணி பொடியாயிடும்."

"யாரு வெச்சது?"

கஸ்தூரிரங்கன் சார் வைக்கச் சொன்னார் என்பது நாக்கு நுனிவரை வந்தது.

"நான்தான்."

பம்பை அடிக்கிறவர்கள் எங்களைக் கடந்து போனார்கள்.

பவானி அக்கா என் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டார். பாதிக் கூழ் அதில் இருந்தது. அதைக் கீழே ஊற்றினார்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?" என்றார். அதுவரை என்னை அவர் நீங்கள் என்றுதான் சொல்லி வந்தார்.

"உடைஞ்ச அன்னைக்கே."

"அதுக்கப்புறமும் தெனமும் என்னாண்ட வந்து நின்னுக்கினு பச்சைன்னு சொன்ன. என் கையால அடிக்க வெச்ச." மண்ணும் ரத்தமுமாக இருந்த கணவரின் முதுகைப் பார்த்தார். "அப்ப இந்தாளு உருண்டது?"

நான் தரையைப் பார்த்தேன். கூழ் அங்கே மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

தேசப்பன் அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. பின்னைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்தார். அப்புறம் குழந்தை மாதிரி மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"எட்டுதான் வெச்சேன் பவானி. எட்டுதான்."

"ஆமாய்யா."

"எண்ணி வெச்சேன்."

"ஆமாய்யா. எட்டுதான்."

அவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பவானி அக்கா பின்னை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "நாளைக்கு ஷிஃப்டு மாற்ற நேரத்துக்கு கேட்டாண்ட வர்றோம். எல்லார்கிட்டயும் காட்டப் போறேன். ஒரு பொம்பள சொன்னா எவனும் நம்ப மாட்டான். நீ வந்து நில்லு" என்றார்.

வருகிறேன் என்றேன்.

"வராட்டியும் காட்டுவேன்" என்றார்.

ஆகஸ்ட் 1, திங்கள்

போனேன்.

ஆனால் நேராகப் போகவில்லை. கேட்டுக்கு எதிரில் டீக்கடை. அதன் தகரத்தடுப்புக்குப் பின்னால் நின்றேன். நீலச் சட்டை போட்டிருந்தேன். வேறு சட்டையும் இருந்தது. காலையில் கை இதற்குத்தான் போயிற்று.

அவர்கள் இரண்டு பேரும் கேட்டுக்கு நடுவில் நின்றிருந்தார்கள். காலை ஷிஃப்ட் உள்ளே போகவும் இரவு ஷிஃப்ட் வெளியே வரவுமாகக் கூட்டம். பவானி அக்கா முந்தானையை அவிழ்த்துப் பின்னை எடுத்து, முதலில் வந்த சாம்பல் சட்டைக்காரர் கையில் கொடுத்தார். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார். அது கை மாறிக்கொண்டே போயிற்று. சாம்பல், சாம்பல், நீலம், சாம்பல். யாரும் கத்தவில்லை. உள்ளே போவதை மட்டும் நிறுத்தியிருந்தார்கள். பொன்னுரங்கம் கைக்கும் வந்தது. அவர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோகவில்லை. பார்க்காமலே அடுத்தவருக்குக் கொடுத்தார். அவருக்கும் அது புதிதில்லை.

செக்யூரிட்டி போன் செய்ய ஓடினான். கொஞ்ச நேரத்தில் கஸ்தூரிரங்கனின் கார் வந்து நின்றது. இறங்கினார். "என்னம்மா இது, கம்பெனி பொருளை வெளிய எடுத்துட்டுப் போறது திருட்டு தெரியுமா? இது அதே பின்னுன்னு யார் சொன்னது உனக்கு?" என்றார். அவருடைய குரல் அப்போதும் உயரவில்லை.

பவானி அக்கா அவரைத் தாண்டிப் பார்த்தார். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினார். தேசப்பன் அண்ணன் தேடவில்லை. நான் வரமாட்டேன் என்று அவர் முடிவு செய்துவிட்டது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

என் கையில் டீ இருந்தது. அதைக் குடித்து முடித்தேன். அவர்கள் நின்றுகொண்டிருக்க, நான் அந்த டீயைக் குடித்து முடித்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். கிளாஸை வைத்துவிட்டு ரோட்டைக் கடந்தேன்.

கூட்டம் வழிவிட்டது. கஸ்தூரிரங்கன் என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "வா நிர்மல்" என்று தோளில் கை போட வந்தார். தன் பக்கத்துச் சாட்சிக்குத்தான் வருகிறேன் என்று நினைத்துவிட்டார். நினைக்கமாட்டாரா என்ன.

பவானி அக்கா கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"இந்தாளுதான்" என்றார்.